வீட்டில் ஓடும் தொடருக்கு எந்தப் புத்தகம்?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். வயது 43, பள்ளி அலுவலகத்தில் வேலை. பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மாமியாருக்கு 67 வயது. மாலை ஆறு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்து மணி வரை சீரியல். அந்தக் காலத்தில் மெட்டி ஒலி, இப்போது எதிர்நீச்சல். கணவர் வங்கி ஊழியர், சாப்பிட்டுவிட்டு இரவு ஒரு மணி வரை வெப் சீரிஸ் பார்ப்பார். கேம் ஆஃப் த்ரோன்ஸ், பிரேக்கிங் பேட், சுழல் எல்லாம் முடித்துவிட்டார். பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்குக் கொரியத் தொடர்கள்தான் உலகம், அதிலும் ரிப்ளை 1988 என்ற தொடரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். இவர் வேலை முடிந்து வந்து சமையலறையில் நிற்கும்போது ஆளுக்கொரு திரையில் மூழ்கியிருக்கிறார்கள். வெறுத்துப்போய்ப் புத்தகக் கண்காட்சியில் நாலாயிரம் ரூபாய்க்குப் புத்தகம் வாங்கினார். "ரெண்டும் ராஜா கதைதானே" என்று கணவருக்குப் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும், கொரியக் கதை என்பதால் மகளுக்கு ஹான் காங் எழுதிய மரக்கறி நாவலும். மாமியார் ஐந்தாம் வகுப்புதான், அவருக்குப் படிக்க வராது என்று எதுவும் வாங்கவில்லை. கணவர் சில அத்தியாயங்களோடு மூடி வைத்துவிட்டார். மகளிடம் புத்தகத்தை இன்னும் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் கேபிளையும் ஓடிடி சந்தாவையும் நிறுத்தப்போவதாக எழுதிவிட்டு, "ஒவ்வொரு தொடருக்கும் ஈடாக ஒரு புத்தகம் சொல்லுங்கள், டிவி பார்த்தே இவர்கள் மூளை மழுங்கிவிடும் போலிருக்கிறது" என்று கேட்கிறார்.

தோழி, பட்டியல் தருகிறேன். ஆனால் தொடரை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் புத்தகத்தை வைப்பதற்கு இந்தப் பட்டியல் உதவாது. அப்படி வைத்தால் புத்தகம் அவர்களுக்குத் தண்டனையாகத்தான் வந்து சேரும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் புத்தகம் என்றாலே முகம் சுளிப்பார்கள். என் அறைக்கு ஆலோசனைக்கு வரும் பல வீடுகளில் இதுதான் நடந்திருக்கிறது.

மூளை மழுங்கும் பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். உங்கள் கணவர் இரவு ஒரு மணி வரை விழித்திருப்பது தூக்கம் சம்பந்தப்பட்ட பிரச்சினை, நிஜமான பிரச்சினை, அதைப் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் அவர் கையில் ஒரு துப்பறியும் நாவலைக் கொடுத்து, அதை ஒரு மணி வரை படித்தாலும் மறுநாள் காலையில் அதே எரிச்சல், அதே தலைவலிதான். மற்றபடி பிரேக்கிங் பேட் தொடரை ஐந்து சீசனும் கவனம் சிதறாமல் பார்த்து முடித்தவருக்கு நீண்ட கதையைத் தொடரும் பொறுமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? உங்கள் மாமியார் எதிர்நீச்சலில் வரும் நான்கு மருமகள்களின் கதையையும் எந்த நாளில் எங்கே விட்டது என்று ஞாபகம் வைத்திருந்து பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒப்பிக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குறையாகச் சொன்னீர்கள், எனக்கு அதுதான் கடிதத்திலேயே நல்ல செய்தி.

கேபிளைத் துண்டிப்பதற்கு முன்

பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கும் 67 வயதுப் பெண்ணுக்கு அந்த நான்கு மணி நேரம் ஒரு துணை. அதை அவரைக் கேட்காமல் எடுக்க உங்களுக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. வீட்டு நிர்வாகம் உங்கள் கையில் இருக்கலாம், கூடம் எல்லோருக்கும் பொது. கணவர் கட்டும் ஓடிடி சந்தாவும் அப்படித்தான். மகள் விஷயம் கொஞ்சம் வேறு. அவளுக்கு 16 வயது. எந்த நேரம் வரை போன், எந்தத் தொடர் அவள் வயதுக்குச் சரி என்று சொல்லும் பொறுப்பு உங்கள் இருவருக்கும் உண்டு, அதற்கு மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி ஓடிடி நிறுவனங்கள் 7+, 13+, 16+ என்று வயது வகை போட்டுக் காட்டவும் வேண்டும். ஆனால் ஒரேயடியாக நிறுத்தினால் அவள் தோழியின் போனில் பார்ப்பாள், என்ன பார்க்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகும். இப்போது குறைந்தபட்சம் அந்தத் தொடரின் பெயராவது உங்களுக்குத் தெரிகிறது.

அப்புறம், தொடரும் புத்தகமும் எதிரிகள் என்ற எண்ணம். 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை வருஷத்துக்கும் மேல் வாராவாரம் கல்கி இதழில் வந்த தொடர்கதைதான் பொன்னியின் செல்வன். அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று காத்திருந்து படித்து, பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வீட்டிலேயே பைண்டு செய்து வைத்தவர்களின் பிள்ளைகளும் பேத்திகளும்தான் இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பசி அதே பசிதான்.

ஆகவே ராஜா கதைக்கு ராஜா கதை, கொரியாவுக்குக் கொரியா என்று ஜோடி சேர்க்காதீர்கள். நீங்கள் வாங்கியவை ஒத்துவராமல் போவதற்கு அதுதான் காரணம். அந்தத் தொடரில் இவரைப் பிடித்து உட்கார வைப்பது எது என்று பாருங்கள். எந்தக் காட்சிக்குக் கோபப்பட்டார், எதைத் திரும்பப் போட்டுப் பார்த்தார், டிவியை அணைத்த பிறகும் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், அங்கிருந்துதான் புத்தகத்தைத் தேட வேண்டும்.

உங்கள் அத்தைக்கு

முதலில் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். "படிக்க வராது" என்று நீங்கள் நினைப்பது, எழுத்து தெரியவில்லை என்பதாக இருக்கலாம். ஐந்தாம் வகுப்பு படித்தவர் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார், ஆனால் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் 67 வயதில் பெரும்பாலானவர்களால் படிக்க முடியாது. கண்புரை இருந்தால் அரசு மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம்.

எதிர்நீச்சலில் அவரைப் பிடித்து வைத்திருப்பது என்ன என்பதை உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி காட்டிக்கொடுக்கிறது. ஆதி குணசேகரன் பேச ஆரம்பித்தால் அவர் டிவியைப் பார்த்துச் சண்டை போடுகிறார் என்கிறீர்கள். படித்த பெண்களைக் கல்யாணம் செய்துவந்து அடுப்படியில் அடைத்து வைத்திருக்கும் ஒரு மதுரைக் குடும்பம், அந்தப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திமிறுவது, இதுதானே கதை? அப்படியானால் அம்பையின் "வீட்டின் மூலையில் ஒரு சமையலறை" கதைதான் அதன் ஜோடி. ராஜஸ்தானில் ஒரு பெரிய குடும்பம், வீடு நிறைய ஆட்கள், இடம் நிறைய இருந்தும் சமையலறை மட்டும் ஒரு மூலையில் இருட்டாக, வேறெதற்கும் இடமில்லாமல். அதற்குள்ளேயே ஆயுள் முழுக்க அதிகாரம் செய்ததாக நினைத்திருக்கும் ஒரு மாமியார், வெளியூரிலிருந்து வந்து அதைக் கேள்வி கேட்கும் ஒரு மருமகள். சிறுகதைதான், ஒரே மூச்சில் படிக்கலாம். உங்கள் மகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதும் வாசிப்புதான், அதில் எந்தக் குறைவும் இல்லை. நடுவில் அத்தை நிறுத்தி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் சொல்லட்டும், கதை எங்கும் ஓடிவிடாது. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். இந்தக் கதை உங்கள் வீட்டுச் சமையலறையைப் பற்றிய பேச்சிலும் கொண்டுபோய் விடலாம்.

மெட்டி ஒலி பார்த்து அழுதவர் என்பதால், கல்யாணம் செய்துகொடுத்த மகளுக்காகத் தவிக்கும் அப்பாவின் கதை என்று யாராவது இமையத்தின் செல்லாத பணம் நாவலைச் சொல்லக்கூடும். சாகித்ய அகாதெமி விருது பெற்ற நல்ல நாவல். ஆனால் தீக்காயத்தோடு ஒரு இளம்பெண் ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்க, வெளியே குடும்பம் காத்திருக்கும் கதை அது. மெட்டி ஒலியில் அப்பா சிதம்பரமும் ஐந்து மகள்களும் படும் துன்பத்துக்கு நடுவே கல்யாணமும் சிரிப்பும் வரும், இதில் மூச்சுவிட இடமே இல்லை. சொந்தத்தில் அப்படி ஏதாவது நடந்திருந்தால் அத்தைக்கு இது வேண்டாம்.

கணவருக்கு

பொன்னியின் செல்வன் அவருக்கு ஏன் ஓடவில்லை என்று யோசித்துப்பாருங்கள். ஆடிப் பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் ஒரு இளைஞன் குதிரையில் வருகிறான், ஊர் அழகு, பாட்டு, நகைச்சுவை, காதல் என்று நிதானமாக விரிகிற கதை. எனக்கு உயிர் அது. ஆனால் கேம் ஆஃப் த்ரோன்ஸ் பார்த்தவர் எதிர்பார்ப்பது யாரும் எப்போதும் சாகலாம், நல்லவன் என்பதற்காக யாருக்கும் காவல் கிடையாது என்கிற பதற்றத்தை. அதை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டினுக்கு 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டு அரச குலங்கள் சிம்மாசனத்துக்காக வெட்டிக்கொண்ட ரோஜாப் போர்கள் ஒரு தூண்டுதல். அதாவது அடியில் இருப்பது வரலாறு. அதனால் உங்கள் கணவரிடம் நாவலுக்குப் பதில் வரலாற்றைக் கொடுத்துப் பாருங்கள். நீலகண்ட சாஸ்திரியின் சோழர்கள் தமிழில் கிடைக்கிறது. முழுக்கப் படிக்க வேண்டாம், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை வரும் பகுதியை மட்டும் காட்டுங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயில் கல்வெட்டில் அந்தக் கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் பெயரே இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம்தான். வரலாறு ஒத்துவரவில்லை என்றால் மகாபாரதம். ராஜாஜியின் வியாசர் விருந்து சின்னச் சின்ன அத்தியாயங்கள், இரவு ஒன்று படித்தால் போதும். துரோகத்துக்கும் வாரிசுச் சண்டைக்கும் அதைவிடப் பெரிய கதை எங்கே இருக்கிறது?

மார்ட்டினின் மூல நாவல்களையே வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதல் புத்தகம் 1996இல் வந்தது, ஐந்தாவது 2011இல், கதை இன்னும் முடியவில்லை, ஒவ்வொன்றும் செங்கல் கனம். மூல நூல்தான் சரியான ஜோடி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கதை முழுக்கத் தெரிந்தவருக்கு அதையே ஆயிரம் பக்கத்தில் மறுபடி கொடுப்பது பல பேருக்கு அலுப்பாகத்தான் முடிகிறது.

அவர் விஷயத்தில் எனக்கு அதிக நம்பிக்கை பிரேக்கிங் பேட் மீதுதான். புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர் குடும்பத்துக்காக என்று சொல்லிக்கொண்டு போதைப்பொருள் தயாரிக்க இறங்குகிறார். அந்தச் சமாதானம் எவ்வளவு தூரம் உண்மை என்பதுதான் தொடர் முழுக்க ஓடும் கேள்வி. தஸ்தயெவ்ஸ்கி 1866இல் எழுதிய குற்றமும் தண்டனையும் நாவலில் ஏழை மாணவன் ஒருவன் வட்டிக்கடைக் கிழவியைக் கொல்ல ஒரு நியாயம் கண்டுபிடிக்கிறான், கொலை முதல் பாகத்திலேயே நடந்துவிடுகிறது, மிச்சம் முழுக்க அந்த நியாயம் அவன் கையில் உதிர்வதுதான். எம்.ஏ.சுசீலாவின் தமிழில் தடையில்லாமல் படிக்கலாம். தடிமனைப் பார்த்து மலைத்தால் "கொலை நடக்கும் வரை படியுங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்" என்று சொல்லுங்கள். கடனும் வட்டியும் அன்றாடம் பார்க்கிறவருக்கு அந்த அடகுக் காட்சிகளின் அவமானம் நம்மைவிட நன்றாகவே புரியும்.

சுழல் பார்த்துவிட்டு, அதில் வரும் மயானக் கொள்ளைத் திருவிழா என்றால் என்ன, ஏன் அப்படி ஆடுகிறார்கள் என்று உங்களிடம் கேட்டாராமே. அப்போது இன்னொரு மர்ம நாவலைத் தேட வேண்டாம். தொ.பரமசிவனின் அறியப்படாத தமிழகம் கொடுங்கள். தெய்வம், சடங்கு, உப்பு, உடை என்று நம்மைச் சுற்றி இருப்பவற்றைப் பற்றிய சின்னக் கட்டுரைகள், எந்தப் பக்கத்தைத் திறந்தும் ஆரம்பிக்கலாம். மனிதருக்கு எதைப் பற்றிக் கேள்வி வருகிறதோ அதற்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தால் போதும்.

ஒரு சீசன் முடிந்து அடுத்தது கிடைக்காமல் என்ன பார்ப்பது என்று ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று நாள் வருமே, அப்போது கொடுங்கள். கதை உச்சத்தில் இருக்கும்போது எந்தப் புத்தகமும் ஜெயிக்காது.

மகளுக்கு

மரக்கறியை நீங்கள் இன்னும் கொடுக்காதது நல்லதாயிற்று. முதலில் நீங்கள் படியுங்கள். ஹான் காங் 2024இல் நோபல் பெற்றவர், நாவல் மிக வலுவானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பெண் கறி சாப்பிட மறுப்பதில் தொடங்கி, வீட்டுக்குள் வன்முறை, பாலுறவு, மனம் சிதைவது, கடைசியில் உணவையே விலக்குவது என்று போகிறது. "குண்டாகிவிட்டேன்" என்று மகள் ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்ப்பதாக வேறொரு இடத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் என் பதில், சில வருஷம் போகட்டும் என்பதுதான். திரைக்கு வயது வகை போடுகிறார்கள், புத்தகத்துக்கு யாரும் போடுவதில்லை, அந்த வேலை நம்முடையது. சாப்பாட்டைத் தவிர்ப்பது தொடர்ந்தால், எடை குறைந்தால், மாதவிடாய் தள்ளிப்போனால், புத்தகத்தை விடுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

ரிப்ளை 1988 பற்றி உங்களுக்குத் தவறான அபிப்பிராயம் இருக்கிறது. "காதல் கதை போல" என்கிறீர்கள். காதலும் உண்டு. ஆனால் அது சியோல் நகரத்தில் ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதை. சாயங்காலமானால் ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக்குக் கிண்ணத்தில் போகும். ஒலிம்பிக் நடக்கும், ஒரு அக்கா மாணவர் போராட்டத்துக்குப் போய் வீட்டைக் கலங்கடிப்பாள், ஒரு அப்பா கடனில் தவிப்பார். அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற பெண் எதற்கு ஏங்குகிறாள் என்று நீங்களே யூகிக்கலாம், ஏனென்றால் ஆளுக்கொரு திரை என்ற உங்கள் வருத்தமும் அதேதான்.

அந்தத் தொடருக்கு நான் சொல்வது அசோகமித்திரனின் பதினெட்டாவது அட்சக்கோடு. செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் வளரும் சந்திரசேகரன், அவன் கிரிக்கெட், கல்லூரி, சைக்கிள், பக்கத்து வீட்டுக்காரர்களோடு சில்லறைச் சண்டை. இதற்குப் பின்னால் 1948இல் நிஜாம் அரசு இந்தியாவோடு இணைக்கப்படும் பெரிய வரலாறு மெல்ல வீட்டு வாசல் வரை வருகிறது. சின்ன வாழ்க்கையும் பெரிய வரலாறும் ஒரே தெருவில் உரசுவதுதான் அந்தக் கொரியத் தொடரின் ருசியும். கடைசிப் பக்கங்களில் கலவரத்துக்கு நடுவே ஒரு பெண் வரும் காட்சி மனதை உலுக்கும். 16 வயதுக்கு அதைத் தாங்க முடியும் என்றே நினைக்கிறேன், ஆனால் அவள் படித்து முடிக்கும் அன்று நீங்கள் பக்கத்தில் இருங்கள். தமிழில் படிக்கச் சிரமப்பட்டால் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது, அதற்காகத் திட்ட வேண்டாம்.

கொடுத்த பிறகு "எத்தனை பக்கம் ஆச்சு?" என்று கேட்காதீர்கள், யாரிடமும். அதைவிட, அந்தத் தொடரின் ஒரு எபிசோடை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். அவள் உலகத்துக்குள் நீங்கள் ஒரு முறை போனால், நீங்கள் நீட்டும் புத்தகத்தை அவள் திறந்து பார்ப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும்.

அந்த பிடிஎஃப் மூட்டை

தோழி ஒருவர் டெலிகிராமில் அனுப்பியதாகச் சொல்லும் நூற்றுக்கணக்கான பிடிஎஃப் கோப்புகளை யாருக்கும் பகிராதீர்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. வாழும் எழுத்தாளர்களின் புத்தகத்தை அப்படி அனுப்புவது சட்டப்படியும் தவறு, அவர்கள் வயிற்றிலும் அடிப்பது. இலவசமாகவே வேண்டுமென்றால் நேர்வழி இருக்கிறது. கல்கி, புதுமைப்பித்தன், ராஜம் கிருஷ்ணன் போன்றவர்களின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. மதுரைத் திட்டம், தமிழ் இணைய மின்னூலகம் ஆகிய இரண்டு இணையதளங்களிலும் தேடிப்பாருங்கள். மற்றவற்றுக்குக் கிளை நூலகம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள், ஒரு சின்னக் காப்புத்தொகை கட்டி உறுப்பினராகிவிட்டால் மொத்தமாகப் பணம் போட்டு வாங்கிவிட்டு யாரும் படிக்கவில்லையே என்று வயிறெரிய வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிற சுதந்திரம் புதிதாகப் படிக்க வருகிறவருக்கு ரொம்ப முக்கியம்.

உங்களுக்கு

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பேர் என்ன பார்க்கிறார்கள் என்று விவரமாக இருக்கிறது. உங்களைப் பற்றி ஒரே வரிதான், சமீபத்தில் நீங்கள் முழுதாகப் பார்த்தது அயலி என்ற வெப் சீரிஸ் மட்டும், அதுவும் லீவு போட்ட ஒரு நாளில். வயதுக்கு வந்தால் படிப்பு முடிந்தது என்கிற ஊரில், வயதுக்கு வந்ததையே மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகும் தமிழ்ச்செல்வியின் கதை. பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அழுததாக எழுதியிருக்கிறீர்கள், காரணம் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. சல்மாவின் இரண்டாம் ஜாமங்களின் கதையைப் படியுங்கள். வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர் அவர், அந்த வீடுகளின் உள்ளிருந்தே எழுதிய நாவல். அயலியைப் போல அது ஆறுதலாக முடியாது, ஆனால் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சை அவ்வளவு வெளிப்படையாக எழுதியவர்கள் குறைவு. பெரியவர்களுக்கான நாவல், அதனால் உங்களுக்கு மட்டும். அயலி எட்டு எபிசோடுதான், அதை வேண்டுமானால் மகளோடு சேர்ந்து இன்னொரு முறை பாருங்கள்.

இதைப் படிக்க உங்களுக்குத் தினமும் அரை மணி நேரம் வேண்டும். எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் நீங்கள் அடுப்படியில் நிற்கிறீர்கள் என்பதுதான் நான் உங்கள் கடிதத்தில் புரிந்துகொண்டது, திரையின் மீது உங்களுக்கு இருக்கும் கோபத்தில் பாதி அங்கிருந்து வருகிறது என்றும் தோன்றுகிறது. அடுத்த மாதம் கேபிள்காரருக்கு போன் செய்வதற்கு முன்னால், வாரத்தில் எந்தெந்த ராத்திரிச் சமையலைக் கணவரும் மகளும் எடுத்துக்கொள்வார்கள் என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அத்தையையும் வைத்துக்கொண்டே பேசுங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.